பெரிசுலேர்ந்து சின்னதுக்கு

பெரிய மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியவந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அதுவும் முறையாக யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, ஒரு தலையணை உறைக்கும் இரண்டு துண்டுகளுக்கும் நடுவில், போகிற போக்கில் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை அப்பா கம்ப்யூட்டருக்கு என்னமோ எஸ்.எஸ்.டி.யாம், அதைப் போடப்போறாங்க.”

“யாரு போடறது?”

“வேற யாரு, சின்னவர்தான். போன வாரம் வந்தப்ப பாத்தாராம். ஹார்ட் டிஸ்க் பழசாயிடுச்சு, அதை எடுத்துட்டு இதைப் போட்டா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஆன் ஆயிடும்னாராம். அப்பாவுக்குத் தலைகால் புரியல.”

“போடட்டும். நல்லதுதானே.”

சொல்லிவிட்டு அவர் எழுந்து போய், தாகமே இல்லாமல் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். வயிற்றில் பற்றிய நெருப்பு தண்ணீருக்கு அணைகிற ரகம் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் அவர் பெற்ற பிள்ளை மாதிரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால், பாகம் பாகமாகத் தேடிப் பிடித்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கையால் பூட்டிக்கொடுத்தது. தொழில் லிஃப்ட் மெக்கானிக் என்றாலும் வயரும் திருகாணியும் எங்கே இருந்தாலும் அவருக்குச் சொந்தக்காரர்கள். அன்றிலிருந்து அது தும்மினாலும் இருமினாலும் மாமனாரிடமிருந்து ஃபோன் வந்துவிடும். “மாப்பிள்ளை, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.” அவ்வளவுதான், சாப்பிட்ட கையைக் கழுவக் கழுவ ஓடுவார். இரண்டு வருஷமாக அது மெதுவாகிவிட்டது என்பது அவருக்கும் தெரியும். மாமனார் கேட்டபோதெல்லாம், “நான் பூட்டினது மாமா, இன்னும் ரெண்டு வருஷம் கண்ணை மூடிட்டு ஓடும்,” என்று சொல்லி, ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்ளே தூசு தட்டிவிட்டு வருவார்.

மாமனார் அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவர். வீட்டில் ஒருவர் பேசும்போது ஒற்று விடுபட்டால்கூட அவர் புருவம் உயரும். ஓய்வு பெற்ற பிறகு மனிதர் சும்மா இருக்கவில்லை, ஊர் உலகத்து அச்சுப் பிழைகளையெல்லாம் சேர்க்கத் தொடங்கிவிட்டார். ‘மணமக்களை வீழ்த்த வருக’ என்று அடித்த அழைப்பிதழ், ‘தண்ணீர் அஞ்சலி’ சுவரொட்டி, ‘கூட்ட முடிவில் வந்திருந்த அனைவருக்கும் மருந்து அளிக்கப்பட்டது’ என்கிற செய்தித்தாள் துண்டு. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தேதி போட்டு, அடியில் நாலு வரி குறிப்பு எழுதி வைப்பார். ஆறு வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் சேர்ந்திருந்தது. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

மற்றபடி மாமனார் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க இடுக்கி வேண்டும். “வாங்க மாப்பிள்ளை”, “சாப்பிட்டீங்களா”, “போய்ட்டு வாங்க” என்ற மூன்றோடு முடிந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அது முனகி முனகி எழுந்திருக்கிற நாலு நிமிஷம் இருக்கிறதே, அந்த நாலு நிமிஷம் மட்டும் அவர் பேசுவார். அந்த வாரம் சிக்கிய பிழையைச் சொல்லி, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிற பாக்கியம் பெரிய மாப்பிள்ளைக்கு மட்டும்தான்.

மாமனாருக்கு ஆண் பிள்ளை இல்லை. பெரிய மாப்பிள்ளைக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா இல்லை. இரண்டையும் கூட்டி அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கணக்கை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் சரியென்று ஒப்புக்கொண்டதும் இல்லை. இப்போது மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு சின்ன மாப்பிள்ளை, ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற ஆள், உள்ளே புகுந்து அதைக் கலைக்கப் பார்க்கிறான். பேர்தான் சின்ன மாப்பிள்ளை. ஆறடிக்கு மேலே ஓர் அங்குலம். கல்யாணப் போட்டோவில் பக்கத்தில் நின்ற பெரிய மாப்பிள்ளையின் தலை அவன் தோளுக்குக் கொஞ்சம் கீழே முடிந்திருந்தது. அந்தப் போட்டோவை மாமியார் ஹாலில் மாட்டியிருந்தது வேறு கதை.

அந்த வாரம் முழுக்க அவர் வேலை பார்த்த லிஃப்டுகளெல்லாம் அவரிடம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு கட்டிடத்தில் ஓர் அம்மாள் காய்கறிப் பையோடு நின்று, “ஏன் சார், இந்த லிஃப்ட் இவ்ளோ மெதுவா வருது?” என்று கேட்டார்.

“பழசுன்னா மெதுவாத்தாம்மா வரும். அதுக்காகத் தூக்கியா எறிஞ்சிடறது?”

அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறிப் போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் அறையில் உட்கார்ந்து, எஸ்.எஸ்.டி. பூட்டுவது எப்படி என்று ஃபோனில் பதினோரு வீடியோ பார்த்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கையும் புது எஸ்.எஸ்.டி.யையும் ஒரே நேரத்தில் செருகி, பழசில் இருப்பதையெல்லாம் அச்சு அசலாகப் புதுசுக்கு நகல் எடுக்க வேண்டும். பிறகு பழசைக் கழற்றிவிட வேண்டியதுதான். இவ்வளவுதானா? இதற்கா ஓர் ஆறடி ஆள்? ஒரு ஃபோன் பண்ணியிருந்தால் நானே போட்டுக்கொடுத்திருக்க மாட்டேனா? ஆனால் ஃபோன் வரவில்லை. வியாழன், வெள்ளி, சனி எல்லாம் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேலை தொடங்கும் என்று மனைவி சொல்லியிருந்தாள். அவர் அவளை இழுத்துக்கொண்டு ஒன்பதுக்கே போய்ச் சேர்ந்தார். சின்ன மாப்பிள்ளை ஏற்கெனவே அங்கே இருந்தான். கம்ப்யூட்டர் அறையில், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைத் துணி விரித்து, ஆபரேஷனுக்கு மாதிரி திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்கியிருந்தான். அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி, வரவில்லை.

“வாங்கண்ணா! நீங்க வந்தது நல்லதாப் போச்சு. டார்ச் பிடிக்க ஓர் ஆள் இருந்தா நல்லாருக்கும்னு நினைச்சேன்.”

டார்ச் பிடிக்க! பெரிய மாப்பிள்ளை டார்ச்சை வாங்கிக்கொண்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பெட்டிக்குள் தன் விரல் நுழையாத இடமே இல்லையோ, அந்தப் பெட்டிக்கு இப்போது வெளிச்சம் காட்டுகிற உத்தியோகம்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிய சின்ன மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்து, “அடடா, வயரெல்லாம் எவ்ளோ அழகாக் கட்டியிருக்கீங்கண்ணா. எங்க கம்பெனியில இருக்கறவங்களுக்கே இப்படிக் கட்ட வராது,” என்றான்.

மனம் நேராக இருந்திருந்தால் அது பாராட்டாகவே கேட்டிருக்கும். பெரிய மாப்பிள்ளையின் காதில் நக்கலாக விழுந்தது. “அந்தக் காலத்துல எங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான் சகலை,” என்றார்.

“வெளிச்சத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்கண்ணா.”

காட்டினார்.

மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார். மாமியாரும் எட்டிப் பார்த்தாள். சின்ன மாப்பிள்ளை பையிலிருந்து எஸ்.எஸ்.டி.யை எடுத்து மாமனார் உள்ளங்கையில் வைத்தான். சீட்டுக்கட்டில் பாதி கனம்கூட இல்லை.

“இவ்ளோதானா?” என்றாள் மாமியார். “என்னமோ பெருசா இருக்கும்னு நினைச்சேன்.”

“மூர்த்தி சிறிசுன்னாலும் கீர்த்தி பெரிசு,” என்றார் மாமனார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது.

கம்ப்யூட்டர் இன்னும் ஆன் ஆகவே இல்லை, அதற்குள் இவனுக்கு ஒரு சிரிப்பு கிடைத்துவிட்டது. பெரிய மாப்பிள்ளைக்கு டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியிறங்கிப் போய்விடலாமா என்று இருந்தது. “செங்கல் மாதிரி இருக்கற ஹார்ட் டிஸ்க்ல இருக்கறதெல்லாம் இத்துனூண்டுக்குள்ள அடங்கிடுமா?” என்று கேட்டார்.

“தாராளமா அடங்கும்ணா.”

“மாமா, இதுல இருக்கறதுக்கு வேற எங்கயாவது காப்பி இருக்கா?” என்று சின்ன மாப்பிள்ளை கேட்டான்.

“பெரிய மாப்பிள்ளை ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தந்தார். போன வருஷம் சட்டைப் பையோட வாஷிங் மெஷினுக்குள்ள போயிடுச்சு.”

“பரவாயில்ல. நாம நகல்தானே எடுக்கப்போறோம். பழசு இருந்தபடியே இருக்கும்.”

இரண்டையும் செருகி, தான் கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து நகல் எடுக்கிற மென்பொருளை ஓட விட்டான். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. அந்த நேரம் பார்த்து அவன் ஃபோன் அடித்தது. கம்பெனியில் எதுவோ படுத்துக்கொண்டதாம்.

“பத்து நிமிஷம்ணா. பால்கனிக்குப் போனாத்தான் சிக்னல் கிடைக்கும்,” என்று எழுந்தவன் வாசலில் நின்று திரும்பினான். “எதையும் தொடாதீங்க, நான் வந்துடறேன். பெரிசுலேர்ந்து சின்னதுக்கு ஒரு காப்பி போட்டா வேலை முடிஞ்சுது.”

டீ போடப் போயிருந்த பெரிய மகளைப் பார்க்க மாமனாரும் மாமியாரும் உள்ளே போய்விட்டார்கள். அறையில் பெரிய மாப்பிள்ளையும் அவர் பூட்டிய பெட்டியும்தான் மிச்சம்.

எதையும் தொடாதீங்க!

அந்த ஒரு வார்த்தை அவர் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் பெட்டி. நான் பூட்டியது. நேற்று வந்தவன் என்னிடமே தொடாதே என்கிறான். பால்கனியில் அவன் குரல் கேட்டது. பத்து நிமிஷமாம். அவன் திரும்பி வருவதற்குள் நகல் எடுத்து முடித்து, தகட்டையும் மூடிவிட்டு, காலின்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? மாமனார் டீயோடு வந்து, “அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா மாப்பிள்ளை?” என்று கேட்பார். அந்தக் குரல் அவருக்கு இப்போதே கேட்டது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மென்பொருள் இரண்டு கேள்வி கேட்டது. எதிலிருந்து? எதற்கு? கீழே இரண்டு பெயர்கள். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான குறிகள், வாயில் நுழையாதவை. குறிகளுக்குப் பக்கத்தில் அளவு. ஒன்று 465 ஜி.பி. இன்னொன்று 931 ஜி.பி.

பெரிசுலேர்ந்து சின்னதுக்கு.

அந்தச் செங்கல் பெரிசு, இந்தச் சீட்டுக்கட்டு சின்னது. ஆகவே 931 பழசு, 465 புதுசு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கடைக்காரரிடம் பேர் சொல்லி வாங்கியவரே அவர்தான். ஒரு நிமிஷம் நிதானித்திருந்தால் அது ஐந்நூறு ஜி.பி. என்று, கம்ப்யூட்டர் கணக்கில் அதுதான் 465 என்று, நினைவுக்கு வந்திருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பொறாமைக்காரனுக்கு அந்த மட்டும்கூட இருப்பதில்லை. மூர்த்தியையும் கீர்த்தியையும் பிரித்து மாமனார் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பாடம் எடுத்திருந்தார். அதுவும் ஏறவில்லை.

‘எதற்கு’ என்று நீங்கள் தேர்ந்தெடுத்ததில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா என்று மென்பொருள் சிவப்பில் கேட்டது. புத்தம் புதுசில் அழிய என்ன இருக்கிறது என்று ‘சரி’யை அழுத்தினார்.

நாற்பது வினாடியில் முடிந்துவிட்டது.

“அடேயப்பா!” என்று வாய்விட்டே சொன்னார். வீடியோவில் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். எஸ்.எஸ்.டி. என்றால் சும்மாவா! வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் அந்த வேகத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. சரிபார்ப்போமே என்று இரண்டின் பெயர் மேலேயும் ஒரு தட்டுத் தட்டினார். 931 ஜி.பி., உள்ளே இருப்பது ஒன்றுமில்லை. 465 ஜி.பி., உள்ளே இருப்பது ஒன்றுமில்லை.

மறுபடி தட்டினார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

பெட்டிக்குள் டார்ச் அடித்து, ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த மங்கின சீட்டைப் படித்தார். 500 என்று இருந்தது. காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்து நிறைந்த குடத்தில் ஊற்றி, குடத்தையும் காலியாக்கிய கெட்டிக்காரர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் பிழைகள். ஆறு வருஷம்.

பால்கனிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் கை தானாக வேலை செய்தது. ‘முடிந்தது’ என்ற அறிவிப்பை மூடினார். திரையைப் பழையபடி ‘எதிலிருந்து, எதற்கு’ என்ற இடத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்டூலை அதே இடத்துக்குத் தள்ளினார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, சத்தம் காட்டாமல் உட்கார்ந்துகொண்டார்.

“ஸாரிண்ணா, லேட்டாயிடுச்சு. ஆரம்பிக்கலாமா?” சின்ன மாப்பிள்ளை மௌஸைப் பிடித்தான். ஒரு தடவை தட்டினான். நின்றான். இன்னொரு தடவை தட்டினான். குனிந்து கேபிளை அழுத்திப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

“அண்ணா, ஏதாவது தொட்டீங்களா?”

“இல்லியே.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரிய மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தலைக்குள் ஒரு குரல், கேட்கவே கூசுகிற குரல், சொல்லிக்கொண்டிருந்தது: போட வந்தது அவன். தொட்டது அவன். கெட்டதும் அவனாகவே இருக்கட்டுமே. இனிமேல் இந்த வீட்டில் எந்தப் பெட்டியையும் அவனைத் தொடவிட மாட்டார்கள்.

டீ டம்ளர்களோடு மாமியார் வந்தாள், பின்னால் மாமனார், அவருக்குப் பின்னால் பெரிய மாப்பிள்ளையின் மனைவி. அறையில் இருந்த இரண்டு முகங்களே விஷயத்தைச் சொல்லிவிட்டன.

“என்ன ஆச்சு?” என்றார் மாமனார்.

சின்ன மாப்பிள்ளை எழுந்து நின்றான். அவன் எழுந்தால் அறையே சின்னதாகிவிடும். இன்று அவன்தான் சின்னதாகத் தெரிந்தான். “மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்... நான்தான் மாத்திக் கொடுத்துட்டேன். பழசுல இருந்ததெல்லாம் அழிஞ்சுபோச்சு.”

பெரிய மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவன் ஏன் இப்படிச் சொல்கிறான்?

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் திரையைப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. அறுபத்தாறு வயசில் ஒரு மனிதன் ஆறு வருஷத்தை விழுங்குகிறபோது அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இப்போது வெடிக்கப்போகிறார் என்று பெரிய மாப்பிள்ளை கண்ணை இறுக்கிக்கொண்டார்.

“எல்லாமேவா?”

“திரும்ப எடுத்துடலாம் மாமா. மேல வேற எதுவும் எழுதல, அட்டவணை மட்டும்தான் போயிருக்கு. தேடி எடுக்கற சாஃப்ட்வேர் எங்கிட்ட இருக்கு. சாயங்காலம் வரைக்கும் ஆகும். நூத்துக்குத் தொண்ணூறு கிடைச்சுடும்.”

மாமனார் மெதுவாக நடந்து வந்தார். சின்ன மாப்பிள்ளையின் தோளுக்குக் கை எட்டவில்லை, முழங்கையின் மேல் வைத்தார். “பரவாயில்ல மாப்பிள்ளை. மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். முப்பத்தஞ்சு வருஷம் நான் பாக்காத தப்பா? நீங்க பதறாதீங்க. முதல்ல டீயைக் குடிங்க.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது தெரியும். இங்கே பெரியவர் உடைத்த பொன்குடத்தைச் சின்னவர் பேரில் எழுதியதும் அது மண்குடமாகிவிட்டது! மாப்பிள்ளையாக வந்த பதினாலு வருஷத்தில் அந்தக் கை தன்மேல் ஒரு தடவை பட்டிருக்குமா? மழையில் நனைந்து ஓடி வந்தபோது? காய்ச்சலோடு உட்கார்ந்து தூசு தட்டியபோது? நன்றாகச் செய்ததற்கெல்லாம் கிடைக்காத கை, இவனுக்குக் கெடுத்ததற்குக் கிடைக்கிறது. அதுவும் கெடுத்தது இவனா? நான் கெடுத்தேன்! நான் கெடுத்ததற்கு இவன் பேர் வாங்குகிறான்!

தப்பித்துவிட்டோம் என்று சும்மா இருந்திருக்கலாம். யோக்கியன் ஒருவன் மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொல்வான். பெரிய மாப்பிள்ளைக்கு அந்த நேரத்தில் மனசாட்சி இருந்த மாதிரியே தெரியவில்லை. பொறாமைதான் அவரை ஸ்டூலிலிருந்து கிளப்பியது.

“அது அவர் பண்ணல மாமா. நான் பண்ணினேன்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“அண்ணா, விடுங்க...” என்றான் சின்ன மாப்பிள்ளை.

“நீ சும்மா இரு சகலை. அவர் ஃபோன் பேசப் போனப்ப நான்தான் உக்காந்து அழுத்தினேன். பெரிசுலேர்ந்து சின்னதுக்குன்னு சொல்லிட்டுப் போனார். பாக்க எது பெரிசோ அதுலதான் உள்ள இடமும் பெரிசுன்னு நினைச்சுட்டேன். அப்புறம் தெரியாத மாதிரி உக்காந்துட்டேன்.”

“ஏன்?” என்றார் மாமனார்.

நூறு காரணம் நாக்கு நுனிவரை வந்தது. ஒன்றும் தேறவில்லை. “பொறாமை மாமா. வேற ஒண்ணுமில்ல.”

அவர் மனைவி, “ஐயோ, என்னங்க இது,” என்று சுவரில் சாய்ந்தாள்.

மாமனாரின் முகம் கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வந்தது. முப்பத்தைந்து வருஷமும் ஓய்வு பெற்ற ஆறு வருஷமும் பொத்தி வைத்திருந்த குரல் முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

“அறிவிருக்காடா உனக்கு?”

மாமியார் கையிலிருந்த டம்ளர் ஆடி டீ தரையில் சிந்தியது. “என்னங்க! மாப்பிள்ளையைப் போய்...”

“மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது! தொடாதேன்னா தொடாம இருக்கத் தெரியாதா? நாப்பத்திரண்டு வயசாகுது, சின்னப் புள்ளையா நீ? ஒரு வாரமா ஃபோனும் இல்ல, பேச்சும் இல்ல, என்னடா ஆச்சு இவனுக்குன்னு நான் மண்டையை உடைச்சிட்டு இருக்கேன். இவர் பொறாமைல வெந்துட்டிருந்தாராம்! உனக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா? நீ பூட்டின பெட்டிடா அது! உன்னைக் கேட்டா என்ன சொல்லுவே? இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்பே. ரெண்டு வருஷமா இதையேதானேடா சொல்றே? உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் உன்கிட்டச் சொல்லாம இவரை வரச் சொன்னேன். அதுக்கு நீ பண்ற வேலையா இது? பொய் வேற! என் முகத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கே!”

பெரிய மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நீ என்றார். டா என்றார். பதினாலு வருஷமாக அந்த வாயிலிருந்து ‘ங்க’ இல்லாமல் ஒரு வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை. காது எரிந்தது, கண் கரித்தது, நெஞ்சுக்குள் என்னவோ இளகி இறங்கியது. அப்பா இருந்திருந்தால் இப்படித்தான் கத்தியிருப்பாரோ என்று தோன்றியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்ததில் மூக்கை உறிஞ்சினார்.

“மூக்கை உறிஞ்சினா ஆச்சா? நாலாயிரம்டா! ஒவ்வொண்ணையும் உன்கிட்டத்தானே முதல்ல காட்டினேன்!”

“மாமா,” என்று சின்ன மாப்பிள்ளை நடுவில் வந்தான். வேகமாக வந்தான். “தப்பு என் பேர்லதான் மாமா. பழசுலேர்ந்து புதுசுக்குன்னு சொல்லியிருக்கணும். பெரிசு சின்னதுன்னு பொறுப்பில்லாம சொல்லிட்டுப் போனது நான்தானே. வேலையைப் பாதில விட்டுட்டுப் போனதும் நான்தான். என்னைத்தான் நீங்க திட்டணும்.”

மாமனார் திரும்பினார். குரல் பட்டென்று இறங்கி, இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் வந்தது.

“சேச்சே, நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை? நீங்க உக்காருங்க. டீ ஆறிடப்போகுது பாருங்க.”

சின்ன மாப்பிள்ளை உட்கார்ந்தான். மாமியார் டம்ளரை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. அந்த ஆறடி உடம்பு நாற்காலியில் மடங்கி, விருந்தாளி மாதிரி ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. டம்ளருக்கு மேலாக அவன் மறுபடி பெரிய மாப்பிள்ளை பக்கம் நீண்ட மாமனாரின் விரலையும், அந்த விரலுக்கு எதிரே நின்று திட்டு வாங்குகிற ஆளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய மாப்பிள்ளை அந்தப் பார்வையை ஓரக்கண்ணால் பார்த்தார். அவருக்கு அது தெரிந்த பார்வைதான். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவரே அதைச் சுமந்துகொண்டு லிஃப்ட் லிஃப்டாக ஏறி இறங்கியிருந்தார். மூன்று வருஷமாக இவன் ‘நீங்க உக்காருங்க மாப்பிள்ளை’யிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“எங்கடா பாக்கறே? நான் பேசறது காதுல விழுதா இல்லியா?”

“விழுது மாமா.”

பாவமாகத்தான் இருந்தது. அதற்காக இடத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? பெரிய மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் தலையைத் தாழ்த்தி, சின்ன மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் நடுவில், மாமனாருக்கு நேர் எதிரே நகர்ந்து நின்றுகொண்டார்.